எதுகை வாழும் இடம்: இலண்டன் கொச்சைமொழியும் மலையகத் தமிழ் ஒலிப்பும்

எதுகை எழுத்தைச் சார்ந்ததா, ஒலியைச் சார்ந்ததா என்பது யாப்பு நூல்களைப் பயில்வோர் எழுப்பும் பழைய வினாவாகும். ஓர் எழுத்தை எல்லாரும் ஒரே வகையாக ஒலிக்கும் சமுதாயத்தில் இவ்வினாவால் விளையும் பயன் மிகுதியன்று. அத்தகைய சமுதாயமோ எங்கும் இல்லை. ஒரே மொழியைப் பேசுவோர் பிரதேசத்தாலும் வர்க்கத்தாலும் வேறுபடுகின்றனர். அவர்தம் ஒலிப்பும் வேறுபடுகின்றது. ஒருவர் வாயில் முழுமையாகப் பொருந்தும் ஒலியொப்புமை இன்னொருவர் வாயில் சிதைகின்றது. யாருடைய ஒலிப்பை அளவுகோலாகக் கொள்வது என்ற கேள்வி எழுந்தவுடன் யாப்பியல் சமூகவியலோடு சேர்ந்து விடுகின்றது.

இத்தொடர்பை விளக்குதற்கு இரு தொழிலாளர் சமூகங்களின் பேச்சை ஈண்டு நோக்குவாம். ஒன்று, இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த உழைப்பாளரின் 'கொக்னி' வழக்கு. மற்றையது, நோட்டன் பிரிட்ஜ், அட்டன், டிக்கோயா முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் தமிழ். இவ்விரண்டையும் ஒப்பிடுதல் முதற்கண் வியப்பாகத் தோன்றலாம். ஆயின் மலையகத்துப் பெண்கள் பறித்த கொழுந்தே தூளாகிக் கப்பலேறி இலண்டன் சென்றது. கொழும்பில் தேயிலை ஏலம் 1883-இல் தொடங்கிய பின்னரும் இலண்டன் ஏலம் 1998 வரை நடைபெற்றது. ஒரு முனையில் பறித்தோரும் மறுமுனையில் குடித்தோரும் உழைப்பாளரே. இரு சாராரும் தத்தம் மேலோரால் 'கொச்சை' என இகழப்பட்ட பேச்சுக்கு உரியவர் என்பதும் கருதத்தக்கது.

இயைபுக் கொச்சை

தமிழ் யாப்பில் ஒலியொப்புமை மூவிடங்களில் அமைகின்றது. அடிகளின் முதலெழுத்து ஒத்து வருவது மோனை. முதலெழுத்து அளவொத்து இரண்டாமெழுத்து ஒன்றி வருவது எதுகை. இறுதி ஒத்து வருவது இயைபு. தொல்காப்பியச் செய்யுளியல் முதல் அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை வரை இப்பாகுபாடு நிலைத்துள்ளது. ஆங்கிலச் செய்யுளில் பெருவழக்கானது இவற்றுள் இயைபே. சொல்லின் இறுதி உயிரும் அதனைத் தொடரும் ஒலிகளும் ஒத்தல் வேண்டும் என்பது அதன் விதி.

இலண்டன் உழைப்பாளர் இவ்வியைபைச் செய்யுளுக்கு வெளியே கொண்டுவந்து அன்றாடப் பேச்சில் புகுத்தினர். ஒரு சொல்லைச் சொல்லாமல் அதற்கு இயைபான தொடர் ஒன்றைச் சொல்லுதல் அவர்தம் வழக்கம். படிக்கட்டைக் குறிக்கும் 'ஸ்டெயர்ஸ்' என்பதற்கு 'அப்பிள்ஸ் அன்ட் பெயர்ஸ்' என்பர். இது ஆப்பிளும் பேரிக்காயும் எனப் பொருள்படும். நாளடைவில் இயைபு தாங்கிய 'பெயர்ஸ்' என்ற பகுதியே விடுபட்டு, 'அப்பிள்ஸ்' என்பது மட்டும் படிக்கட்டைக் குறிக்கலாயிற்று. இயைபால் பிறந்த சொல் இயைபைத் துறந்து நிற்பதால், உள்ளாரன்றி வெளியார் அதன் பொருளை உணர்தல் அரிது. இவ்வழக்கு 1857-இலும் 1859-இலும் வெளிவந்த கொச்சைமொழி அகராதிகளில் பதிவு பெற்றுள்ளது. 1859-ஆம் ஆண்டு அகராதியைத் தொகுத்த ஜோன் கம்டன் ஹொட்டன், தெருவில் கூவி விற்போரும் பாட்டுப் பாடி விற்போரும் இதனை வளர்த்தனர் என்று கருதினார்.

நன்னூலார் தகுதி வழக்கின் ஒரு வகையாகக் கூறும் குழூஉக்குறியோடு இது ஒப்பிடத்தக்கது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர் தரும் சான்றுகள். ஒரு தொழிற்குழு தன்னுள் மட்டும் விளங்கும் சொல்லை ஆள்கின்றது என்ற அளவில் இரண்டும் ஒன்றே. நம் குழூஉக்குறி இயைபைச் சார்ந்து நிற்பதில்லை. இலண்டன் வழக்கோ இயைபின்றிப் பிறப்பதில்லை. எனவே அது பேசுவோரின் ஒலிப்போடு பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளது.

இப்பிணைப்பைக் காட்டும் சான்றுகள் பல. சிரிப்பைக் குறிக்கும் 'லாஃப்' என்பதற்கு 'பபிள் பாத்' என்பர். நுரைக் குளியல் என்பது அதன் நேர்ப்பொருள். 'பாத்' என்பதன் ஈற்றொலியை இலண்டன் உழைப்பாளர் 'ஃப்' என ஒலிப்பதாலேயே இங்கு இயைபு அமைகின்றது. ஈற்றொலியைப் பல்லிடை நாவால் ஒலிக்கும் கற்றோர் வாயில் இது இயைபாகாது. அவ்வாறே ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செவிடரைக் குறிக்க, உப்பிட்ட மாட்டிறைச்சியின் பெயராகிய 'கோர்ண்ட் பீஃப்' என்ற தொடர் வழங்குகின்றது. இலண்டனார் 'டெஃப்' என்று சொல்வதைக் கிளாஸ்கோவினர் 'டீஃப்' என்பர். ஆதலின் அங்கு இயைபு பொருந்தும், இலண்டனில் பொருந்தாது. இயைபுக் கொச்சை ஒன்றைக் கேட்டவுடன் அது எவ்வூரில் பிறந்தது என்று ஓரளவு கூறிவிடலாம்.

தேநீருக்கு இவ்வழக்கில் வழங்கும் பெயர் 'ரோசி லீ'. ஒரு பெண்பெயர் 'டீ' என்பதற்கு இயைபாய் நிற்கின்றது. திருடனைக் குறிக்கும் 'தீஃப்' என்பதற்கோ 'டீ லீஃப்', அதாவது தேயிலை, என்பதே பெயர். மலையகத்தில் உழைப்பின் பயனாய் விளங்கும் இலை, அதனைக் குடித்தோரின் கொச்சையில் திருட்டின் பெயராயிற்று. இது ஒலியால் நேர்ந்த இணைப்பே, பொருளால் நேர்ந்ததன்று.

கீற்சும் போப்பும்

ஒலிப்பு வேறுபாடு கொச்சைமொழியோடு நின்றுவிடவில்லை. உயர்ந்த கவிதையையும் அது தொட்டது. ஜோன் கீற்ஸ் முள்ளைக் குறிக்கும் 'தோர்ன்ஸ்' என்பதையும் மான்குட்டிகளைக் குறிக்கும் 'ஃபோன்ஸ்' என்பதையும் இயைபாக ஆண்டார். இலண்டன் பேச்சில் மெய்க்கு முன் வரும் 'ர்' ஒலி அக்காலத்தில் மறைந்துவிட்டது. ஆகவே கீற்சின் செவிக்கு இது முழு இயைபு. எடின்பரோவிலிருந்து வெளிவந்த பிளாக்வூட்ஸ் என்னும் இதழ் 1818-இல் அவரைக் கடுமையாகத் தாக்கி, அவரையும் அவர்தம் நண்பர்களையும் 'கொக்னிக் கவிஞர் குழு' என எள்ளியது. எடின்பரோவிலோ 'ர்' இன்றும் ஒலிக்கப்படுகின்றது. குதிரைலாயம் நடத்தியவரின் மகன், மருந்தாளர் பயிற்சி பெற்றவர் என்ற ஏளனமும் இயைபு பற்றிய ஏளனமும் கலந்தே வந்தன. செவியின் வேறுபாடு தகுதியின் குறைபாடாகத் தீர்ப்பளிக்கப்பட்டது. காலப்போக்கில் தென் இங்கிலாந்தின் கற்றோர் பேச்சிலும் அந்த 'ர்' மறைந்தது. கீற்சின் இயைபு அங்கு எவரும் குறை கூறாத இயைபாயிற்று.

வேர்ட்ஸ்வர்த்தை எடுத்துக் கொண்டால் இந்நிலை வேறு திசையில் விளங்கும். பொருளைக் குறிக்கும் 'மாட்டர்' என்பதும் நீரைக் குறிக்கும் 'வோட்டர்' என்பதும் தென்னகச் செவிக்கு அரைகுறை இயைபு. அவை வடபுல ஒலிப்பில் முழு இயைபே என்பதை லீட்ஸ் நகரத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த கவிஞர் ரொனி ஹரிசன் தம் கவிதையொன்றில் எடுத்துக்காட்டினார். பாடநூல் ஒலிப்பில் வாசிக்கும் ஆசிரியர், கவிஞர் அமைத்த இயைபைத் தாமே உடைத்துவிட்டு, அதனைக் கவிஞரின் குறையாகக் கருத நேர்கின்றது.

தேநீர் என்ற சொல்லே இதற்கு இன்னொரு சான்று. அலெக்சாண்டர் போப் 1714-இல் ஐந்து காண்டங்களாக விரித்து வெளியிட்ட அங்கதக் காவியத்தில், பணிதலைக் குறிக்கும் 'ஒபே' என்ற சொல்லுக்குத் தேநீரின் பெயரை இயைபாக வைத்தார். அந்நாளில் அது 'டே' என ஒலிக்கப்பட்டது. பின்னர் 'டீ' என்ற ஒலிப்பே வென்றது. போப்பின் இயைபு உடைந்தது. 'ரோசி லீ' என்ற கொச்சை பிறந்ததும் அவ்வொலிமாற்றத்தின் பயனே. சீனத்து ஃபூஜியன் கரையோர வழக்கிலிருந்து வந்த 'தே' என்ற மூலவொலியை ஒல்லாந்தர் மொழி பேணியது; சிங்களமும் தமிழும் 'தே' என்றே வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பேச்சில் 'டீ' பெருவழக்காயினும் இலங்கைத் தமிழர் 'தேத்தண்ணி' என்றே கூறுவர். நோட்டன் பிரிட்ஜிலே தேத்தண்ணி குடிக்கும் தொழிலாளியின் நாவில், இன்றைய இலண்டனார் இழந்துவிட்ட போப்பின் உயிரொலி வாழ்கின்றது.

மலையகத்தின் செவி

மலையகத் தமிழ் தனியொரு மாவட்டத்தின் பேச்சன்று. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து கோப்பிக் காலம் தொட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களின் கிளைமொழிகள் லயங்களில் கலந்து உருவான பொதுப்பேச்சு அது. அதன் ஒலியமைதிகள் பல யாழ்ப்பாணத் தமிழினின்றும் வேறுபட்டவை. எதுகையைப் பொறுத்தவரை இன்றியமையாத வேறுபாடுகள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, றகர இரட்டை. 'காற்று', 'நேற்று' என்பன மலையகப் பேச்சில் 'காத்து', 'நேத்து' என ஒலிக்கும். மெய்க்கு முன் வரும் ரகரமும் அங்கே மறையும்; 'பார்த்து', 'சேர்த்து' என்பன 'பாத்து', 'சேத்து' ஆகும். எனவே நேற்று–சேர்த்து, காற்று–பார்த்து என்பன மலையகச் செவிக்கு முழு எதுகை. எழுத்தை நோக்கின் றகர ஒற்றும் ரகர ஒற்றும் வேறாதலின் அவை எதுகை ஆகா. யாழ்ப்பாணத்தாரின் ஒலிப்பிலும் அவை பொருந்தா. ஏனெனில் 'ற்ற' என்பதை அவர்கள் நுனிநாவை அண்பல்லில் பொருத்தி ஒலிப்பர். 'பாத்து' என்பதிலுள்ள தகரமோ பல்லொலி. கீற்சின் இயைபுக்கு எடின்பரோவில் நேர்ந்த கதியே மலையகப் பாட்டின் எதுகைக்கும் நேரக்கூடும். இரண்டிலும் மறைந்த ஒலி ரகரமே என்பது வியக்கத்தக்க ஒற்றுமை.

இரண்டாவது, ழகரம். தோட்டத்தின் உயிர்ச்சொல்லாகிய 'கொழுந்து' பேச்சில் 'கொளுந்து' ஆகின்றது. அப்போது அது 'உளுந்து' என்பதற்கு எதுகையாகின்றது. எழுத்தில் ழுகரமும் ளுகரமும் வேறு. மூன்றாவது, ரகர றகர வேறுபாடு இன்மை. 'துரை' என்பதும் 'குறை' என்பதும் 'தொர', 'கொர' என ஒன்றுகின்றன. நான்காவது, மெல்லின மாற்றம். 'பெண்', 'ஒன்று', 'கண்' என்பவற்றுள் 'ஒன்று' மட்டும் எழுத்தில் விலகி நிற்கும். பேச்சிலோ பொண்ணு, ஒண்ணு, கண்ணு என மூன்றும் ஓரினமாகும். 'ஐந்து' என்பது 'அஞ்சு' ஆகிப் பஞ்சத்தோடும் நெஞ்சோடும் சேர்ந்துகொள்ளும்.

விளக்கத்தின் பொருட்டு நாமே இரு அடிகளை அமைத்துக் காட்டுவோம்:

நேத்துப் பறிச்ச கொளுந்தெல்லாம்
சேத்து நிறுத்தாக் கொறையின்னான்

இதனைத் 'திருத்தி' எழுதினால், 'நேற்றுப் பறித்த கொழுந்தெல்லாம், சேர்த்து நிறுத்தால் குறை என்றான்' என வரும். பொருள் சிறிதும் மாறவில்லை. எதுகை அடியோடு அழிந்துவிட்டது. நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் விழும் என்ற அச்சத்தை நன்கறிந்த சமூகம், அவ்வனுபவத்தைப் பாட்டில் பொதிவதற்கு ஒலியையே துணைக்கொள்கின்றது. அவ்வொலியை நீக்கிவிட்டுப் பொருளை மட்டும் அச்சிட்டால் எஞ்சுவது பாட்டாகாது. பாட்டின் செய்திக் குறிப்பே ஆகும்.

ஊர்ப்பெயரும் தோட்டச் சொல்லும்

ஆங்கிலச் சொற்கள் தமிழ்ச் செவிவழிப் புகும்போது பழைய இயைபுகளை இழந்து புதிய எதுகைகளைப் பெறுகின்றன. ஊர்ப்பெயர்கள் இதனைத் தெளிவாகக் காட்டும். அட்டன் நகரின் ஆங்கிலப் பெயர் ஹகரத்தில் தொடங்குவது. மலையகப் பேச்சில் ஹகரம் வீழ்ந்து 'அட்டன்' என வழங்குகின்றது; சொல்முதல் ஹகரத்தை வீழ்த்துவது கொக்னிப் பேச்சின் பெயர்பெற்ற இயல்பும் ஆகும். யாழ்ப்பாண எழுத்து மரபிலோ ஆங்கில டகரத்தை றகரத்தால் குறிப்பது வழக்கமாதலின் இந்நகர் 'ஹற்றன்' என எழுதப்படுவதுண்டு. பயன் யாதெனின், 'அட்டன்' என்பது சட்டம், பட்டம், கட்டம், நட்டம் என்னும் சொற்களோடு எதுகை கொள்ளும். 'ஹற்றன்' என்பது குற்றம், முற்றம், சுற்றம் என்பவற்றோடு கொள்ளும். ஊர் ஒன்று, எதுகைக் குடும்பம் இரண்டு.

நோட்டன் பிரிட்ஜ் இன்னும் நயமான சான்று. கெஹெல்கமு ஓயாவைத் தடுத்து அமைத்த அணையாலும், அங்குள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தாலும் நாடறிந்த இவ்வூரின் பெயரில், ஆங்கில எழுத்துப்படி ரகரம் உண்டு. தமிழில் அது 'நோட்டன்' என்றே நின்றது. தென் இங்கிலாந்து ஒலிப்பில் அந்த ரகரம் ஒலிப்பதில்லை. தமிழ்ப் பேச்சிலும் வல்லினத்துக்கு முன் ரகரம் நிலைப்பதில்லை. இரு வழிகளும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன. அதன் பயனாக 'நோட்டன்' என்பது 'தோட்டம்' என்பதற்கு முழு எதுகையாயிற்று. தோட்டத்துரைமாருள் பலர் ஸ்கொத்லாந்தினர். 1867-இல் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்நாட்டவரே. அவர்கள் தம் நாட்டு வழக்கப்படி 'நோர்ட்டன்' என்று ஒலித்திருப்பின் அதுவும் நம் யாப்பில் முற்றும் தள்ளப்படாது. ய், ர், ல், ழ் என்னும் ஒற்றுக்கள் இடையே வரின் அதனை ஆசிடை எதுகை என ஏற்றுக்கொள்ளும் விதியை நம் முன்னோர் வகுத்துள்ளனர். ஒலிப்பு நெகிழ்ச்சிக்கு இலக்கணமே இடமளித்த இடம் இது.

தோட்டச் சொற்களுள் 'பெரட்டு' என்பது ஆராயத்தக்கது. காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் இடம் பெரட்டுக்களம். அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லே இவ்வாறு திரிந்தது. ஆங்கிலத்தில் அதற்கு இயைபாவன நிழலைக் குறிக்கும் 'ஷேட்', மண்வெட்டியைக் குறிக்கும் 'ஸ்பேட்' முதலியன. தமிழில் அது 'வெரட்டு', 'மெரட்டு' என்னும் பேச்சுச் சொற்களோடு வந்து சேர்ந்தது. விரட்டுதலும் மிரட்டுதலும் நிகழ்ந்த களத்தின் பெயர் அவற்றுக்கே எதுகையாய் அமைந்தது ஒலியியலின் விளைவு. அவ்வொப்புமை பேசுவோர் மனத்தில் பதிவதற்குக் காரணம் வாழ்வு.

'லயம்' என்ற சொல்லும் இத்தகையதே. வரிசை வீடுகளைச் சுட்டிய ஆங்கிலச் சொல் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் வழங்குகின்றது. மகர ஈறு பெற்றவுடன் அது பயம், நயம் என்பவற்றோடு எதுகையும் இயைபும் கொள்கின்றது; குதிரை கட்டும் 'லாயம்' என்ற சொல்லையும் நினைவூட்டுகின்றது. எழுத்தர் 'கிளாக்கர்' ஆனபோது இடையில் நின்ற ரகரம் மறைந்து, இறுதியில் மரியாதைப் பன்மை போன்ற 'அர்' ஈறு வந்து சேர்ந்தது. போர்த்துக்கேயச் சொல்லாகிய 'ரோதை' ஆலைச் சக்கரத்தைக் குறித்தது. பாதை, வாதை என்பவற்றோடு ஒத்திசைத்தது. ஆலையைக் காக்கும் 'ரோதைமுனி' என்ற தெய்வத்துக்கும் பெயராயிற்று.

இரட்டைக் கிளவி போலும் எதிரொலி

இலண்டன் வழக்கைப் போன்ற இயைபுக் கொச்சை தமிழில் உண்டா எனின், அதற்கு மிக அண்மையில் நிற்பது எதிரொலிச் சொல்லாகும். ஒரு சொல்லின் முதலெழுத்தைக் 'கி' அல்லது 'கீ' என மாற்றி மீண்டும் கூறுவது தமிழர் எல்லார்க்கும் பொதுவான வழக்கம். காசு கீசு, வேலை கீலை, துரை கிரை என்பன காண்க. 'முதலியன' என்ற பொருளோடு அலட்சியமும் இதில் தொனிக்கும். நேரில் கைகட்டி நிற்க வேண்டிய ஒருவரைத் 'துரை கிரை' என்று லயத்துக்குள் பேசும்போது, அந்தக் ககரம் அதிகாரத்தின் உயரத்தைச் சற்றுக் குறைத்து விடுகின்றது.

எதிரொலி தனிச்சொல்லாகி நின்ற இடமும் உண்டு. 'சம்பளம் கிம்பளம்' என்பதிலிருந்து பிரிந்த 'கிம்பளம்' தமிழ்நாட்டு வழக்கில் கையூட்டைக் குறிக்கின்றது. இயைபால் பிறந்த சொல் தன் துணையை விட்டுத் தனிப்பொருள் கொள்வது இலண்டனில் 'அப்பிள்ஸ்' அடைந்த நிலைக்கு மிக நெருங்கியதாகும். சொல்லக் கூசுவதை ஒலியின் மறைவில் சொல்லுதல் என்ற சமூகத் தேவை இரண்டிடத்தும் ஒன்றே.

பதிப்பும் பாடசாலையும்

இவ்வாராய்ச்சியால் விளையும் பயன் யாது? மலையக வாய்மொழிப் பாடல்கள் பல தொகுப்புகளாக வெளிவந்துள்ளன. சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983-இல் நூலாயிற்று. சாரல்நாடன் முதலியோர் இப்பணியைத் தொடர்ந்தனர். அதற்கு முன்னரே கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையும் பாட்டைத் தொழிற்சங்கப் பிரசாரத்துக்குக் கருவியாக்கினர். இனி வரும் தொகுப்பாளரும் மறுபதிப்பாளரும் ஒரு முடிவு செய்ய வேண்டியவராகின்றனர்: பாட்டை ஒலித்தவாறே அச்சிடுவதா, எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதா? மாற்றினால், மேலே காட்டியவாறு, எதுகையறியாத மக்கள் பாடியவை என்ற பொய்த் தோற்றம் உண்டாகும். ஒலித்தவாறு அச்சிட்டு அருகில் எழுத்து வடிவத்தைக் குறிப்பதே அறிவியல் நெறிக்கு ஏற்றதெனக் கருதுகின்றோம். ஒலிப்பதிவுகளைப் பேணுதல் அதனினும் சிறந்தது.

இது விரைந்து செய்யத்தக்க பணியுமாகும். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-ஆம், 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின் வழிப் பல இலட்சம் பேர் தமிழகம் அனுப்பப்பட்டனர். நீலகிரித் தோட்டங்களில் குடியேறியோரும் அவருள் உளர். பாடியோர் பிரிந்தபோது பாட்டும் பிரிந்தது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003-இல் சட்டம் வந்தது. சட்டம் ஒருவரைக் குடியாக ஏற்கலாம். அவர்தம் பேச்சை நாகரிகமுடையதாக ஏற்பது சமூகத்தின் கடமை.

பாடசாலையிலும் இதற்கு இடமுண்டு. தோட்டப் பாடசாலைகளில் பிற பிரதேசங்களிலிருந்து வந்த ஆசிரியர் பலர் அரும்பணி ஆற்றியுள்ளனர். எழுத்துத் தமிழைக் கற்பித்தல் அவர்தம் கடமை, அதில் ஐயமில்லை. ஆயினும் எதுகையைக் கற்பிக்கும் வேளையில், மாணவர் 'நேத்து–சேத்து' என்று விடையிறுத்தால் அதனைப் பிழையெனத் தள்ளுதல் பொருந்தாது. அம்மாணவரின் செவி எதுகையின் இயல்பைச் சரியாகவே உணர்ந்துள்ளது. அவ்வுணர்விலிருந்து தொடங்கி, எழுத்து வழக்கில் 'நேற்று', 'சேர்த்து' என்பன ஏன் பிரிந்து நிற்கின்றன என்று விளக்கினால், யாப்பையும் மொழி வரலாற்றையும் ஒருங்கே கற்பித்ததாகும். 'தோட்டக்காட்டுப் பேச்சு' என்ற இழிவுரைக்கு வகுப்பறை தரக்கூடிய விடையும் அதுவே.

எழுத்து பலருக்கும் பொதுவாக நின்று மொழியை ஒன்றிணைக்கின்றது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் எதுகை முதலில் பிறந்தது செவியிலாதலின், பாட்டைக் கட்டியவரின் செவியே அதனை அளக்கும் கோலாதல் வேண்டும். கீற்சை அளப்பதற்கு இலண்டன் செவி வேண்டும். வேர்ட்ஸ்வர்த்தை அளப்பதற்கு வடபுலச் செவி வேண்டும். கொழுந்து பறித்தவர் பாட்டை அளப்பதற்கு மலையகச் செவி வேண்டும்.